மறு: ஷார்ட்பிரெட்டுக்கு "குறுரொட்டி" - தயவுசெஞ்சு வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்,

ஷார்ட்பிரெட்ங்கற பிஸ்கட்டுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு ஓடுற இந்த இழையை நாலு நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் தான் இருந்தேன், நேத்து பார்த்தா குறுரொட்டிக்கு ஆதரவு கூடிக்கிட்டே போகுது, இதுக்கு மேல வாய மூடிட்டு இருக்க முடியல.

> ஷார்ட் = குறு, பிரெட் = ரொட்டி. குறுரொட்டி. எளிமையா இருக்கு, முடிச்சுக்கலாமே?

முடிச்சுக்கலாம் தான் அண்ணே, ஆனா ரெண்டு பாதியும் தப்பாச்சே. அது ரொட்டியும் இல்ல, அதுல எதுவும் குறுகவும் இல்ல. மாவு, வெண்ணெய், சர்க்கரைன்னு மூணே சாமான்ல ஸ்காட்லாந்துக்காரங்க சுடுற பிஸ்கட் அது. ஈஸ்ட் கிடையாது, முட்டை கிடையாது, தனியா தண்ணி கூட ஊத்துறதில்ல. விரல் விரலா வெட்டுவாங்க, இல்லன்னா பெரிய வட்டமா தட்டி முக்கோண முக்கோணமா கீறி விடுவாங்க, அந்த வடிவத்துக்கு பெட்டிகோட் டெயில்ஸ்னு பேர். அவங்க வருஷப் பிறப்பு ஹாக்மனே அன்னைக்கு, ராத்திரி பன்னெண்டு தாண்டினதும் ஒரு வீட்டு வாசப்படிய முதல்ல மிதிக்கிற ஆள் வெறுங்கையோட போகக்கூடாது, கையில கொண்டு போற சாமான்ல இதுவும் ஒண்ணு. அப்படி ஒரு பண்டத்துக்கு குறுரொட்டின்னு பேர் வச்சா படிக்கிறவங்க சைஸ் கம்மியான பன்னுன்னு தான் நினைப்பாங்க.

விஷயம் என்னன்னா இங்க ஷார்ட்ங்கறது நீளத்தைப் பத்தினதே இல்ல. இங்கிலீஷ்ல அந்தச் சொல்லுக்கு சட்டுனு உடையுற, பொலபொலன்னு உதிருறன்னு ஒரு பழைய அர்த்தம் உண்டு, 15ஆம் நூற்றாண்டுலயே புழக்கத்துல இருந்திருக்கு. இப்ப அந்த அர்த்தம் பொதுப் பேச்சுல இல்ல, சில தொழில்கள்ல மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. பானை செய்றவங்க வளைச்சா வெடிக்கிற களிமண்ணை ஷார்ட்னு சொல்றாங்க. இரும்புல கந்தகம் கலந்திருந்தா பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது விரிசல் விடும், அது ஹாட் ஷார்ட், பாஸ்பரஸ் இருந்தா ஆறினதுக்கப்புறம் உடையும், அது கோல்ட் ஷார்ட். அங்கயும் போய் சுடுகுறு, தண்குறுன்னு வைப்போமா?

> கொழுப்பு மாவுல இருக்கற பசைய (குளூட்டன்) இழைகளை நீளவிடாம குட்டையாக்குது, அதனால தான் ஷார்ட்னே பேர். அப்ப குறு சரிதானே.

இத நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தவன் தான். கொழுப்பு செய்ற வேலை நீங்க சொல்றது தான், ஆனா பேருக்குக் காரணம் அது இல்ல, பின்னாடி ஒட்ட வச்சது. மாவைக் கழுவிக் கழுவி பசையத்தைத் தனியா எடுத்துக் காட்டினவர் இத்தாலியில பொலோன்யாவைச் சேர்ந்த பெக்காரி, அது அச்சுல வந்தது 1745-ல. ஷார்ட்ங்கற சொல் அதுக்கு 200 வருஷத்துக்கு மேல முன்னாடியே இந்த அர்த்தத்துல இருக்கு. பசையம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாத காலத்துல அதோட இழை குட்டைன்னு யார் பேர் வச்சிருப்பாங்க சொல்லுங்க.

வேலை எப்படி நடக்குதுன்னும் சொல்லிடறேன், சொல் எங்க விழணும்னு அப்ப தான் புரியும். மைதாவுல குளூட்டெனின், கிளையடின்னு ரெண்டு புரதம், தண்ணி பட்டு பிசைய பிசைய ரெண்டும் கைகோர்த்து இழுபடுற வலையா ஆயிடும், அது தான் பசையம், பரோட்டா மாஸ்டர் வீசுற மாவு கிழியாம விரியுதே அந்த வலை தான். ஷார்ட்பிரெட்ல அந்த வலை கட்டவே கூடாது. வெண்ணெயை மாவுத் துகள் மேல பூசி விட்டா தண்ணி உள்ள போக முடியாது, வலை அங்கங்க அறுந்து நிக்கும், வெந்ததும் கடிச்சா உதிரும். வெண்ணெய்க்குள்ளயே நூத்துக்கு 16 பங்கு போல தண்ணி இருக்கு, அது போதும் கெடுக்க, அதனால தான் ரொம்ப பிசையாதன்னு எல்லா குறிப்புலயும் சொல்றாங்க.

வாயால பேசி என்ன ஆகப்போகுதுன்னு ஞாயித்துக்கிழமை வீட்லயே போட்டேன். கணக்கு சுலபம், எடையில ஒண்ணு ரெண்டு மூணு, 50 கிராம் சர்க்கரை, 100 வெண்ணெய், 150 மைதா. முதல் தடவை சொதப்பல். சென்னை வெயில்ல வெண்ணெய் டப்பாவுலயே தளதளன்னு ஆயிடுச்சு, அத அப்படியே கொட்டி சப்பாத்தி மாவு மாதிரி அழுத்தி அழுத்திப் பிசைஞ்சு வச்சேன், ஓடிஜி அடுப்புக்குள்ள பரவி ஓரம் கருகி நடுவுல ஓடு மாதிரி ஆயிடுச்சு, கடிச்சா பல்லு தான் ஷார்ட் ஆகும். ரெண்டாவது தடவை வெண்ணெயை ஃப்ரிட்ஜ்ல வச்சு துண்டு துண்டா வெட்டிப் போட்டேன், அம்மா பக்கத்துல வந்து நின்னுட்டு, எதுக்குடா அமுக்குற, முறுக்கு மாவுக்கு வெண்ணெய் போட்டு பிசிறுவோம்ல அப்படி விரல் நுனியால பிசிறுன்னாங்க. பிசிறினேன். ஒரு கை அள்ளி அவங்களே பிடிச்சுப் பார்த்தாங்க, உருண்டையா நின்னுச்சு, கட்டைவிரலால லேசா தட்டினாங்க உதிர்ந்துடுச்சு, ம், பிடிச்சா பிடிக்கணும் விட்டா உதிரணும், இவ்வளவு தான்னு சொல்லிட்டு சீரியல் பார்க்கப் போயிட்டாங்க. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு, தட்டி, ஃபோர்க்கால குத்தி, 160 டிகிரியில ஓரம் லேசா பொன்னிறம் ஆகுற வரைக்கும் வச்சேன், அடுத்து சூட்டோட கோடு போட்டு வெட்டணும், ஆறினா கோணல் மாணலா உடையும், அதையும் அனுபவிச்சு தான் தெரிஞ்சுகிட்டேன்.

இப்ப நான் சொல்ல வந்தது. பண்டத்தோட பேர விடுங்க, இட்லிய இங்கிலீஷ்காரன் இட்லின்னு தான் எழுதுறான், ஷார்ட்பிரெட் ஷார்ட்பிரெட்டாவே இருக்கட்டும். நமக்குச் சொல் இல்லாம இடறுறது அந்தத் தன்மைக்கு. குறிப்பு மொழிபெயர்க்கிறவங்க மாவு ஷார்ட்டா வரணும்ங்கற வரியில தான் வந்து மாட்டுறாங்க, மிருதுவாக வர வேண்டும்னு எழுதிட்டுப் போயிடறாங்க, மிருதுன்னா கேக். மொறுமொறுன்னா வறுவல். இது ரெண்டும் இல்ல.

நம்ம அடுப்படியில இந்த மாதிரி நிலைக்கெல்லாம் ஏற்கனவே ஒரு அச்சு இருக்கு, பதம். கம்பிப் பதம், உருட்டுப் பதம், முறுக்கு மாவுப் பதம்னு. அந்த வரிசையில உதிர்பதம்னு வைக்கலாம்ங்கறது என் பரிந்துரை. உதிர்ப்பதம்னு ப் போடாதீங்க, ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகை, வலி மிகாது. "வெண்ணெய் குறைஞ்சா உதிர்பதம் வராது" - வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, யாருக்கும் அகராதி வேண்டாம். முறுக்குக்கும் செல்லும், நெய் பத்தலன்னா கடுக்கும், உதிர்பதம் மீறினா எண்ணெயில விழுந்ததும் கரைஞ்சு பிரிஞ்சு போயிடும், எல்லா வீட்லயும் ஒரு தீபாவளிக்காவது நடந்திருக்கும். இரும்புக்கும் களிமண்ணுக்கும் இது செல்லாது, தெரியும், இரும்பு உதிராது, அத அந்தத் தொழில்காரங்க பார்த்துக்கட்டும்.

ஷார்ட்டனிங் - மாவை உதிர வைக்கிற அந்தக் கொழுப்புக்கு - பிசிறுகொழுப்பு. அம்மாவுக்கு நன்றி.

> பிஸ்கட்டுக்கு ஈரட்டின்னு நல்ல சொல் இருக்கே, வெண்ணெய் ஈரட்டின்னு வச்சிடலாம்.

ஈரட்டி அழகான சொல், சந்தேகமே இல்ல, லத்தீன்ல ரெண்டு தடவை வெந்ததுன்னு அர்த்தம் வர்ற சொல்லைத் தான் அப்படியே தமிழாக்கியிருக்காங்க. ஆனா ஷார்ட்பிரெட் ஒரே தடவை தான் வேகுது. நியாயமா பார்த்தா ஈரட்டின்னு பேர் வாங்க வேண்டியது டீக்கடை பொறை தான், ரொட்டியா சுட்டு, வெட்டி, திரும்ப காய வைக்கிறாங்க இல்ல. பிஸ்கட்டுக்குப் பொதுப் பேரா வேணும்னா மாச்சில் பரவாயில்ல, எனக்கு அதுல சண்டை இல்ல.

அன்புடன்,
தி.நகர்ல இருந்து

----

(மலேசியாவுல இருந்து)

தம்பி சொல்றது எனக்கு உடனே புரிஞ்சது, ஏன்னா இங்க தீபாவளிக்கு சுஜி பிஸ்கட் செய்யாத வீடு கம்மி, நெய், மாவு, பொடிச்ச சீனி அவ்வளவு தான், வாயில போட்டா கரைஞ்சிடும், எடுக்கும்போது கொஞ்சம் அழுத்தினா கையிலயே தூள். உதிர்பதம் அதுக்கு நூத்துக்கு நூறு பொருந்துது. வடக்க நான்கட்டாய் பிஸ்கட்டும் இதே சாதி தானே. என் ஓட்டு உதிர்பதத்துக்கு.

----

(டொராண்டோவில இருந்து)

வணக்கம் தம்பி,

குறுரொட்டி வேண்டாம் எண்டதில நானும் உங்கட பக்கம் தான். இஞ்ச எங்கட ஆக்கள் பேக்கரி போர்டில வெதுப்பகம் எண்டு எழுதுவினம், உள்ள போய் பாண் (ரொட்டி) தாங்கோ எண்டு தான் கேக்கிறது, அந்தப் பாணும் போர்த்துக்கீசன் தந்தது, அதால வெளிச்சொல் இருக்கிறதில எனக்கும் பயமில்லை.

ஆனா உதிர்பதம் எண்டா எனக்கு முதல்ல ஞாபகம் வாறது புட்டு மா. மாவைக் குழைச்சு, பேணியால கொத்திக் கொத்தி உதிரி உதிரியா எடுப்பம், அது அவியிறதுக்கு முன்னம் இருக்கிற நிலை. நீங்கள் சொல்லுறது வெந்தாப் பிறகு கடிக்கேக்க வாற தன்மை. உங்கட அம்மா சோதிச்சுப் பாத்ததும் பச்சை மாவைத் தானே? ரெண்டையும் ஒரு சொல்லில போட்டா குறிப்பு வாசிக்கிறவ குழம்பிப் போவா. அதைக் கொஞ்சம் பாருங்கோ.

----

(திரும்ப தி.நகர்)

அக்கா, சரியா பிடிச்சீங்க, இத நான் யோசிக்கவே இல்ல. பச்சை மாவோட நிலையையும் சுட்டதோட கடியையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டேன்.

ஆனா நீங்க சொன்னதுல இன்னொரு முடிச்சும் அவுந்துடுச்சு. இங்கிலீஷ் குறிப்புல எல்லாத்துலயும் ஒரு வரி வரும், வெண்ணெயை மாவுல தேய்ச்சு ரொட்டித் தூள் மாதிரி ஆக்கணும்னு, அத எப்படி எழுதுறதுன்னு ரொம்ப நாளா முழிச்சிட்டு இருந்தேன், ரொட்டித் தூள்னு எழுதினா கட்லெட்டுக்கு மேல தடவுற தூளைத் தான் நினைப்பாங்க. அது புட்டு மாவுப் பதம்! அப்ப சுடறதுக்கு முன்னாடி புட்டு மாவுப் பதம், சுட்டதுக்கப்புறம் உதிர்பதம்னா குழம்பாது, ஆனா பதம்ங்கறதே பச்சையா இருக்கறப்ப பார்க்கறது தானே, வெந்ததுக்கு உதிர்கடின்னு வைக்கலாமான்னு இப்ப ஒரு சபலம். உதிர்கடி கொஞ்சம் பூச்சிக்கடி மாதிரியும் கேக்குது. உதிர்மைன்னு ஒதுக்குப்புறமா ஒரு சொல்லும் எழுதி வச்சிருக்கேன், யாருக்காவது பிடிச்சா சொல்லுங்க. அதுவரைக்கும் என் பட்டியல்ல இப்படி மாத்திட்டேன்: "வெண்ணெயை மைதாவில் புட்டு மாவுப் பதத்துக்குப் பிசிறவும். பிசையக் கூடாது."

இன்னொண்ணு, அந்த ஃபோர்க்கால குத்துறதுக்கு டாக்கிங்னு எழுதியிருக்காங்க. தட்டை பூரி மாதிரி உப்பிடாம இருக்க எங்க வீட்ல ஊசியால குத்துவோம், அதே வேலை தான், ஆனா அதுக்கு தனியா ஒரு பேர் எங்க அம்மாகிட்ட இல்ல, குத்து குத்துன்னு தான் சொல்றாங்க. உங்க ஊர்ப்பக்கம் யாராவது தட்டை போடுறவங்க இருந்தா கேட்டுச் சொல்லுங்க.