ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஸ்கோப்: உங்க அனுபவம் என்ன?

செங்காந்தள்:
என்கிட்ட இருக்கிறது 0.177 அங்குல பிரேக் பேரல், அதாவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்குற ரைபிள். கடையிலயே ஸ்கோப் (குறிபார்க்கிற தூரக்கண்ணாடி) மாட்டிக் குடுத்தாங்க. 10 மீட்டர்ல ஸீரோ பண்ணினப்போ (குறி வச்ச இடத்துலயே விழற மாதிரி ஸ்கோப்பைச் சரி பண்றது) பெல்லட் குண்டு எல்லாம் ஒரே ஓட்டையில விழுந்துச்சு. ஒரு டப்பா முடியறதுக்குள்ள குரூப் (குண்டுங்க சேர்ந்து விழற இடம்) வேற இடத்துக்குப் போயிடுச்சு. ஸ்கோப் மேல இருக்கிற டரெட் திருகைத் திருப்பிச் சரி பண்ணா மறுபடியும் அதே கதை. ஸ்கோப்பே போச்சுன்னு நினைச்சேன். ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஸ்கோப்பைப் பிடிக்கிற முன் ரிங்குக்கு முன்னாடி, துப்பாக்கி மேல இருக்கிற ரெயில்ல கருப்பு சாயம் உரிஞ்சு மெல்லிசா ஒரு கோடு பளபளன்னு மின்னுது. ரிங்கோட சேர்ந்த மவுண்ட் மொத்தமா பின்னாடி நகர்ந்திருக்கு! காசு வாங்கிட்டு மாட்டினவங்க மவுண்ட் நகராம ரெயில் துளையில இறங்குற ஸ்டாப் பின்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையேன்னு இன்னும் ஆறல.

தூக்குநூல்:
எல்லாத்துக்கும் ரிங் நகர்றதுதான் காரணம்னு இங்க முடிவு கட்டிடாதீங்க. எனக்கு ரிங் அசையவே இல்ல. 20 மீட்டர்ல ஸீரோ. 10-ல இடப்பக்கம், 30-ல வலப்பக்கம். காத்துன்னு சொன்னாங்க. காத்து பக்கம் மாறி மாறியா தள்ளும்? கொல்லைச் சுவர்ல நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டேன். ரைபிளை ஸ்பிரிட் லெவல் வச்சு நிமிர்த்திட்டு ஸ்கோப்ல பார்த்தா, நூல் ஒரு பக்கம், ஸ்கோப்புக்குள்ள நெட்டுக்கு நிக்கிற கோடு ஒரு பக்கம். ரிங்கைத் தளர்த்தி, கோடு நூலுக்குள்ள மறையற வரைக்கும் குழாயைத் திருப்பினேன். அதோட சரியாச்சு.

குன்றிமணி:
என் கதை சின்னது. வேட்டை ரைபிளுக்கான நல்ல ஸ்கோப்பை ஸ்பிரிங் கன்ல போட்டேன், உள்ளே குறுக்குக்கோடே சாஞ்சிடுச்சு.

ஸ்பிரிங் கன் முதல்ல பின்னாடி உதைக்கும், பிஸ்டன் போய் முட்டினதும் முன்னாடி இழுக்கும். சாதா ஸ்கோப் பின் உதைக்கு மட்டும்தான் தாங்கும். ஏர்கன்னுக்குன்னே வர்றதை வாங்குங்க. முன்லென்ஸ்ல தூரம் திருப்புற வளையம் இருக்கணும். 100 கஜத்துக்கு வச்சது 10 மீட்டர்ல மங்கலாத்தான் தெரியும், கண்ணை லேசா நகர்த்தினாலே கோடும் நகரும். ரெண்டு தனி ரிங்கை விட ஒரே துண்டு மவுண்ட் நல்லது. ரிங் ஸ்க்ரூவைக் குறுக்கு மறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க. ரெண்டு பக்க இடைவெளியும் சமமா இருக்கணும். அலன் கீயோட நீளப் பக்கத்தைப் பிடிச்சு முழு பலத்தையும் போட்டா குழாய் நசுங்கும். டரெட்டோட கால் எம்ஓஏ கிளிக் (எம்ஓஏன்னா ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) 10 மீட்டர்ல முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. அஞ்சாறு கிளிக் திருப்பிட்டு ஒண்ணும் மாறலையேன்னு பதறாதீங்க.

செங்காந்தள்:
தூக்குநூல் அண்ணே, நூலும் கட்டிப் பார்த்தேன், நேராத்தான் இருக்கு. என் ரெயில்ல ஸ்டாப் பின் இறங்கத் துளையே இல்ல. அதுக்கு என்ன வழி?

தூக்குநூல்:
மவுண்டுக்குப் பின்னாடி ஒட்டினாப்புல தனியா ஒரு ஸ்டாப் பிளாக்கை ரெயில்ல கிளாம்ப் பண்ணுங்க தம்பி. அதுக்கு முன்னாடி ரெயில்ல இருக்கிற எண்ணெயை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிடுங்க.