'வயதுக்கு வரும் நாவல்' வேண்டாம், வேற என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். இளங்கலை மாணவர்களுக்கு வாசிப்புப் பட்டியல் ஒண்ணு போடுறேன், திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு பையனோ பொண்ணோ உலகத்துகிட்ட அடிபட்டு பெரியவங்களா மாறுற நாவல்கள், ஜெர்மன்ல பில்டுங்ஸ்ரோமான்னு சொல்ற வகை. அம்மா வந்தாள், 18வது அட்சக்கோடு, கூளமாதாரி, இரண்டாம் ஜாமங்களின் கதை, பட்டியல் ரெடி, தலைப்புதான் இல்ல. 'வயதுக்கு வரும் நாவல்கள்', 'பருவமடையும் நாவல்கள்' ரெண்டுமே தமிழ்ல பொண்ணோட உடம்புல நடக்கிறதைத்தான் சொல்லும், அம்மா வந்தாள் நாயகன் அப்புவுக்கும் 18வது அட்சக்கோடு நாயகன் சந்திரசேகரனுக்கும் அதுல இடமே இல்ல. சொல் குடுங்க.

---

தம்பி, வினைத்தொகை இருக்கும்போது ஏன் தேடணும்? 'வளர்புதினம்'னு போடுங்க. வளர்ந்த, வளர்கின்ற, வளரும்னு மூணு காலமும் அடங்கிடும். 'நாவல்' மட்டும் வேண்டாம், புதுமைலேர்ந்து புதினம்னு நமக்கே சொல் இருக்கு.

---

> 'வளர்புதினம்'னு போடுங்க

ஐயா, வளர்பிறைன்னா பிறைதான் வளருது. வளர்புதினம்னா புதினம்தான் வளருதுன்னு பசங்க நினைப்பாங்க, வாராவாரம் வர்ற தொடர்கதை மாதிரி. வளர்றது உள்ள இருக்கிற ஆளு இல்லையா? அப்புறம் நாவல்ங்கிற சொல் 1879ல பிரதாப முதலியார் சரித்திரம் வந்த காலத்துலேர்ந்து நம்மகூடவே இருக்கு, அதை இப்ப விரட்டி யாருக்கு என்ன லாபம்.

---

குடிநீர்ல குடிக்கிறது நீரா? சுடுகாட்டுல சுடுறது காடா? வினைத்தொகைல பின்னால வர்ற பெயர் எழுவாயாத்தான் இருக்கணும்னு விதி எங்கயும் கிடையாது. செயப்படுபொருளா வரலாம், இடமா வரலாம். ஒருத்தர் வளர்ற இடம் அந்தப் புதினம், அவ்வளவுதான். வேணும்னா 'முதிர்புதினம்'னு வச்சுக்கலாம்.

---

முதிர்னதும் முதிர்கன்னிதான் ஞாபகம் வருது, தயவுசெஞ்சு வேண்டாம். நான் 'விடலை நாவல்'னு சொல்வேன். உலா இலக்கியத்துல பேதைலேர்ந்து பேரிளம்பெண் வரைக்கும் பொண்ணுக்கு ஏழு பருவம் இருக்கிற மாதிரி ஆணுக்கும் பாட்டியல் நூல்கள்ல, அதாவது இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்ற நூல்கள்ல, பருவப் பெயர் உண்டு, விடலை அதுல ஒண்ணு, சங்கப் பாட்டுலயே வர்ற சொல். தொல்காப்பியம் மரபியல்ல பார்ப்பு பறழ் குட்டி குருளை கன்று பிள்ளை மகவு மறி குழவின்னு ஒன்பது இளமைப் பெயர் சொல்லியிருக்கு, அதுல பறழை எடுத்து

---

மன்னிக்கணும், குறுக்க வர்றேன். பறழ் புலிக்குட்டி அணில்குட்டிக்கெல்லாம் வர்ற பேரு, திங்கக்கிழமை அச்சு. இந்தப் பேரெல்லாம் ஒரு நிலையைச் சொல்லுது, ஒரு நிலைலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறதைச் சொல்லல. நமக்கு வேண்டியது அந்தப் போறது. பில்டுங்ஸ்ரோமான்ங்கிற சொல்லை மார்கென்ஸ்டெர்ன்னு ஒரு ஜெர்மன் பேராசிரியர் 1819ல ஒரு உரைல பயன்படுத்தினார், ஜெர்மன் எழுத்தாளர் கதே 1795-96ல வெளியிட்ட நாவல்தான் அந்த வகைக்கு முன்மாதிரி. பில்டுங்ன்னா உருவாகுறது, கல்வி, பண்படுறது எல்லாம் சேர்ந்தது. அந்த மாதிரி நாவல்கள்ல பையன் சுத்தி அலைஞ்சு கடைசில சமூகத்தோட ஒத்துப்போயிடுவான். நம்ம பட்டியல்ல அது எங்க இருக்கு? 18வது அட்சக்கோடு முடியறப்ப சந்திரசேகரன் வெக்கம் தாங்காம ஓடுறான். கூளமாதாரில வர்ற கூளையன் யாரோடயும் எதோடயும் ஒத்துப்போகல, உடைஞ்சுதான் போறான். அதனால 'முதிர்ச்சி', 'பக்குவம்' ரெண்டுமே இந்த நாவல்களுக்குப் பொய்யாயிடும்னு எனக்குப் படுது. அவங்களுக்கு நடந்தது பக்குவம் இல்ல, இனிமே முன்ன மாதிரி இருக்க முடியாதுங்கிறது மட்டும்தான்.

---

இதுக்கு 'ஆளாதல்' சரியா வரும். 'உன்னை ஆளாக்கி விட்டேன்'னு பையனுக்கும் சொல்றோம், பொண்ணுக்கும் சொல்றோம். இன்னொண்ணு பாருங்க, பழிக்கு ஆளானான், அவமானத்துக்கு ஆளானான்னும் சொல்றோம். மேல சொன்ன உடைஞ்சுபோறதும் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. பழைய தமிழ்ல ஆள்னா அடிமையும்கூட, ஆட்கொள்ளல், ஆட்செய்தல்னு பக்தி இலக்கியம் முழுக்க. ஆளுமையும் அங்கேர்ந்து வர்றதுதான். 'ஆளாகும் கதைகள்'.

---

'ஆளாயிட்டா'ன்னா பல ஊர்ல பூப்படைஞ்சுட்டான்னுதானே அர்த்தம்? சுத்தி அங்கயே வந்து நிக்கிறோமே.

---

அந்த அர்த்தம் உண்டுதான், ஆனா அது மட்டும் இல்ல. 'வயதுக்கு வருதல்'ல வேற வழியே கிடையாது, இதுல இருக்கு. எனக்கு இது போதும். இதுவரைக்கும் நாலு பேர் சரின்னு சொல்லியாச்சு, 'ஆளாகும் கதைகள்'னு அனுப்பப்போறேன். வளர்புதினத்தையும் கீழ சின்ன எழுத்துல போடுறேன் ஐயா.

---

சின்ன எழுத்துல போடுறதுக்குப் போடாமலே விடலாம். எங்க வகுப்புல நான் வளர்புதினம்னுதான் சொல்லிக்குடுப்பேன்.

---

அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஆரம்பத்துலேர்ந்து எல்லாரும் பூப்பைத் தள்ளி வைக்கிற சொல்லாவே தேடுறீங்க, ஆண்களுக்குப் பொருந்தணுமேன்னு. இரண்டாம் ஜாமங்களின் கதையும் இதே பட்டியல்லதான் இருக்கு. அதுல வர்ற ராபியா மாதிரிப் பொண்ணுக்கு சினிமாவுக்குப் போறது, தெருவுல நிக்கிறது, யாரோட பேசுறதுன்னு ஒவ்வொண்ணா மூடுறது அந்த நாளைக் காரணம் காட்டித்தான். அவளுக்கு 'வயதுக்கு வருதல்' நாம ஒதுக்க வேண்டிய தப்பான அர்த்தம் இல்ல, கதையே அதுதான். பையனுக்குப் பொருந்தலங்கிறதுக்காக அந்தச் சொல்லை ஏன் தூக்கணும்? தலைப்பு எதுவா வேணா இருக்கட்டும், அந்த நாவலுக்குக் கீழ வர்ற குறிப்புலயாவது 'வயதுக்கு வருதல்'னு அப்படியே எழுதுங்க. இல்லன்னா என் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க.