பைபாஸ் கொழுப்பு: 'புறவழி' ஏன் வேண்டாம், 'தாண்டுகொழுப்பு' ஏன் சரி

அன்புள்ள குழுவினருக்கு,

இழை நீண்டுவிட்டது. முதலில் கேட்ட நண்பரின் தேவையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். சார்தீனியாத் தீவின் 'சார்தா' இனச் செம்மறிகளுக்குத் தீவனத்தில் கொழுப்பு சேர்த்தால் பால் எப்படி மாறுகிறது என்ற கட்டுரையை அவர் தமிழாக்குகிறார். அதில் 'பைபாஸ் ஃபேட்' என்ற சொல் அடிக்கடி வருகிறது: அசையூண் வயிற்றை, அதாவது நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்கவைக்கும் முதல் வயிற்றை, அவற்றிடம் சிக்காமல் கடந்துபோகும்படி செய்த தீவனக் கொழுப்பு. நம் ஊர் மாட்டுத்தீவனக் கடையிலும் அதே பெயர்தான். 'பைபாஸ் கொழுப்பு' என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கடைக்கு அது போதும். கட்டுரைக்குத்தான் போதவில்லை, அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

> பைபாஸ் சாலையைப் புறவழிச்சாலை என்கிறோமே. அப்படியே 'புறவழிக் கொழுப்பு' என்று வைத்தால் எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். புறவழிச்சாலையில் போகும் பேருந்து ஊருக்குள் நுழைவதே இல்லை. இந்தக் கொழுப்போ ஊருக்குள் வந்து, கடைத்தெரு முழுக்கச் சுற்றி, யார் கையும் படாமல் மறுபக்கம் வெளியேறுகிறது. வளர்ந்த ஆடு தின்னும் எதுவும் அசையூண் வயிற்றுக்குள் போகாமல் தப்பாது.

உண்மையான புறவழி ஒன்று ஆட்டின் உடம்பிலேயே இருக்கிறது. பால் குடிக்கும் குட்டிக்கு, உணவுக்குழலின் முடிவிலிருந்து ஒரு மடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை அசையூண் வயிற்றில் விழவிடாமல் நேரே நான்காம் வயிற்றுப் பக்கம் கொண்டுபோகிறது. 'புறவழி' என்ற சொல்லை அதற்கென்று ஒதுக்கி வைப்பதே நியாயம். ஒரே நூலில் இரண்டும் வந்தால் என்ன செய்வீர்கள்?

அசையூண் வயிற்றில் கொழுப்புக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், சொல் அங்கிருந்துதான் வரவேண்டும். புல்லிலும் தானியத்திலும் எண்ணெய் வித்திலும் உள்ள கொழுப்பு பெரும்பாலும் நிறைவுறாதது. அந்த வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அது பிடிக்காது. அவற்றுக்கு அது ஒருவகை நஞ்சு. அதனால் அதை உடைத்து, ஹைட்ரஜனை ஏற்றி, நிறைவுற்றதாக மாற்றிவிடுகின்றன. வனஸ்பதி ஆலை நிக்கலை வைத்துச் செய்யும் வேலையை இவை சூடும் அழுத்தமும் இல்லாமல் செய்கின்றன. ஆளிவிதையைத் தின்ற ஆட்டின் பாலில் ஆளிவிதை எண்ணெய் அப்படியே வராததற்குக் காரணம் இதுதான்.

மாற்றம் முழுவதும் முடிவதில்லை, நடுவழியில் சில நிற்கும். அப்படி நிற்பதில் ஒன்று வாக்சினிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். மடிக்குள் போனதும் அதில் ஒரு பகுதி ரூமினிக் அமிலமாகிறது. வசந்தகாலப் பச்சைப்புல் மேய்ந்த செம்மறியின் பாலில் இது கூடுதலாக இருக்கும். ஊட்டச்சத்துக்காரர்கள் செம்மறிப்பாலைத் தேடி வருவதற்கு இது ஒரு காரணம். (பெயர் வைப்பதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் ஒரு சின்னத் திசைதிருப்பல்: 'வாக்சினிக்' என்பது பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, 'காப்ரிக்' என்ற இன்னொரு கொழுப்பு அமிலத்தின் பெயர் வெள்ளாட்டிலிருந்து. 'ரூமினிக்' என்ற பெயரை 1998இல்தான் முன்மொழிந்தார்கள். அவர்களும் நம்மைப்போல் உட்கார்ந்து பேசித்தான் பெயர் வைக்கிறார்கள்.)

> 'பாதுகாக்கப்பட்ட கொழுப்பு' என்பதே துல்லியம். ஆங்கில ஆய்வுகளிலும் அப்படி ஒரு பெயர் உண்டு.

உண்டு அம்மா. ஆனால் யாரை யாரிடமிருந்து பாதுகாக்கிறோம்? எனக்கு இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் பனையெண்ணெய்க் கொழுப்பு அமிலங்களோடு கால்சியத்தைச் சேர்த்துச் செய்தது. வேதியியல்படி ஒரு சோப்பு. அசையூண் வயிற்றின் லேசான அமிலத்தில் கரையாது, நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தில் பிரிந்துவிடும். அப்புறம் சிறுகுடலில் செரிக்கிறது. பனையெண்ணெயில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே நிறைவுற்றது. அதை நுண்ணுயிர்களிடமிருந்து காப்பாற்றப் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே காப்பாற்றப்படுவது நுண்ணுயிர்கள்தான்: எண்ணெய் நேராக விழுந்தால் நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் படுத்துவிடும், அதைத் தவிர்க்கத்தான் கால்சியம்.

ஆஸ்திரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் செய்தது இதற்கு நேர் எதிர். நிறைவுறா எண்ணெய்த் துளிகளைப் பால்புரதத்தால் மூடி, அந்தப் புரதத்தை ஃபார்மால்டிஹைடால் இறுக்கினார்கள். எண்ணெய் நிறைவுறாமலே மடிவரை போய்ச் சேரவேண்டும் என்பது நோக்கம். அங்கே காக்கப்படுவது கொழுப்பு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவிட்டது, நாமும் கட்டவேண்டுமா? மேலும் 'பாதுகாக்கப்பட்ட' என்பது மூட்டைமேல் அச்சடிக்கும் விளம்பரச் சொல்போல் இருக்கிறது. கால்சியம் சேர்த்ததிலும் நிறைவுறாப் பங்கு கூடக்கூடக் காப்பு தளர்கிறது.

> பாலில் கொழுப்பு கூடினால் நல்லதுதானே? 'செறிவுக் கொழுப்பு' என்று வைத்தால் விவசாயிக்கு நோக்கம் விளங்கும்.

இங்கேதான் செம்மறி மாட்டிலிருந்து பிரிகிறது. பசும்பாலில் கொழுப்பு 4 விழுக்காடு அளவில் இருந்தால் செம்மறிப்பாலில் 6, 7 வரை போகும். சார்தீனியாவில் அந்தப் பாலை யாரும் தம்ளரில் ஊற்றிக் குடிப்பதில்லை. அனேகமாக எல்லாம் பாலாடைக்கட்டிக்குப் போகிறது. பெயரில் ரோம் இருந்தாலும் பெக்கோரினோ ரோமானோ என்ற செம்மறிப்பால் கட்டியின் பெரும்பங்கு அந்தத் தீவில்தான் தயாராகிறது. கட்டிக்குக் கொழுப்பும் வேண்டும், கேசீன் என்ற புரதமும் வேண்டும். கால்சியக் கொழுப்பு கொடுத்தால் பாலில் கொழுப்பு ஏறும், புரத விழுக்காடு இறங்கும். தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொழுப்பை வைத்தால் நுண்ணுயிர்களுக்கு ஆற்றல் குறைகிறது. கொழுப்பை அவற்றால் நொதிக்கவைக்க முடியாது. நுண்ணுயிர் குறைந்தால் ஆட்டுக்குக் கிடைக்கும் புரதமும் குறையும். கேசீன் குறைந்த பாலில் தயிர்க்கட்டி இறுகுவதில்லை. மேய்ப்பர் மகிழ்வார், கட்டி செய்பவர் முகம் சுளிப்பார். பெயரிலேயே 'செறிவு' என்று வாக்குறுதி கொடுத்தால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும்.

சரி, என் முன்மொழிவு: தாண்டுகொழுப்பு. வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு போல. நடுவில் 'க்' போடவேண்டாம். தாண்டியது, தாண்டுகிறது, தாண்டும் மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது. எதைத் தாண்டுகிறது என்பதைக் கட்டுரையின் முதல் வரியில் ஒருமுறை சொன்னால் போதும். தீவனத்தில் இதே வேலையைச் செய்யும் புரதத்துக்கும் 'தாண்டுபுரதம்' என்று நீளும். எந்தச் சொல்லையும் நான் முதலில் இப்படித்தான் சோதிப்பேன்: பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சட்டை பொருந்துகிறதா?

'தப்புகொழுப்பு' என்று தொடங்கினேன். வீட்டில் வாசித்துக் காட்டியதும் "அப்போ சரியான கொழுப்பு எது?" என்று கேட்டார்கள். கைவிட்டேன். இழையில் வந்த 'கடவுக்கொழுப்பு' அழகானது, கடவுச்சொல்லோடு உறவும் இருக்கிறது. என் இரண்டாம் தேர்வு அதுதான். ஆனால் 'கடவு' இன்று சீட்டிலும் சொல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது, 'தாண்டு' தெருவில் நடமாடுகிறது.

ஆஸ்திரேலிய வகைக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டால் பொதிகொழுப்பு. 'உறைக்கொழுப்பு' என்றும் யோசித்தேன். ஓர் ஒற்றெழுத்து விழுந்தால் 'உறைகொழுப்பு' ஆகிவிடும், அது குளிரில் இறுகிய நெய். பாலாடைக்கட்டிக் கட்டுரையில் 'உறை' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் ஏற்றும் நிகழ்வுக்கு 'நுண்ணுயிர் நிறைவாக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். 'நிறைவுற்ற', 'நிறைவுறா' இரண்டும் பாடநூலில் நிலைத்துவிட்டதால் ஒட்டுகிறது. முழு மனமில்லை, 'நிறைவு' என்றதும் ஏதோ நல்லது நடப்பதுபோல் தோன்றுகிறது. இதற்கு யாராவது மேம்பட்ட சொல் தந்தால் உடனே மாற்றிக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பு நண்பர் வைத்துப் பார்க்க ஒரு வாக்கியம்:

"பனையெண்ணெய்த் தாண்டுகொழுப்பு கொடுத்த செம்மறிகளின் பாலில் கொழுப்பு கூடியது, புரத விழுக்காடு குறைந்தது, பொதிகொழுப்பாக ஆளிவிதை எண்ணெயைக் கொடுத்தால் நுண்ணுயிர் நிறைவாக்கத்துக்குத் தப்பிய பங்கு பாலுக்கு வருகிறது."

வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே நாக்கு தடுக்குகிறது என்று எழுதுங்கள்.