வெளிநாட்டுப் பாடசாலையோடு சேர்ந்து செயன்முறை விஞ்ஞானம்: தோட்டப் பாடசாலையில் எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி (விஞ்ஞான ஆசிரியை, ஹற்றன் பகுதி)

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 8, 9 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஜேர்மனியில் ஹம்பேர்க் நகருக்கு அருகிலுள்ள பாடசாலை ஒன்று, விஞ்ஞானமும் சுற்றாடலும் சார்ந்த செயற்றிட்டம் ஒன்றை எங்களோடு ஓராண்டு காலம் சேர்ந்து செய்ய முன்வந்திருக்கிறது. அதிபரும் சம்மதித்துவிட்டார்.

ஆனால் நான் இதற்கு முன் பார்த்த பரிமாற்றங்களில், எங்கள் பிள்ளைகள் கூடை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்து அனுப்புவார்கள், அங்கிருந்து பனி பெய்யும் படம் வரும், அத்தோடு முடிந்துவிடும். யாரும் கையால் எதையும் அளந்து பார்த்ததில்லை. எங்களிடம் இருப்பது நான்கு வெப்பமானிகள், ஒரு தராசு, சில கண்ணாடிக் குவளைகள், என் கைப்பேசியிலுள்ள இணையம் ஆகியவைதான். பாடசாலை விடும் 1.30 மணிக்கு அங்கே குளிர்காலத்தில் காலை 9 மணி என்பதால், நேரடியாகப் பேசப் பிள்ளைகளைப் பின்னேரம் மறித்துவைக்க வேண்டும். இந்த நிலையில் உண்மையான விஞ்ஞானம் எதைச் செய்யலாம்?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை)

அன்புள்ள ஆசிரியைக்கு, உங்கள் கவலை நியாயமானது. முன்பு நான் கற்பித்த ஒரு பாடசாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி நிறைய உணர்கருவிகள் வந்தன. பிள்ளைகள் ஒரு தவணை ஆசையோடு பயன்படுத்தினார்கள். பிறகு மின்கலங்கள் தீர்ந்தன, அந்த அளவு மின்கலம் இங்கே கிடைக்கவில்லை, பெட்டி அலுமாரிக்குள் போய்விட்டது. அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: இரு பக்கமும் ஒரே எளிய பொருளால் ஒரே அளவீட்டைச் செய்ய வேண்டும், இடம் வேறு என்பதாலேயே விடை வேறாக வர வேண்டும். அப்போது அவர்களுடைய எண் இல்லாமல் நமக்கும், நம்முடைய எண் இல்லாமல் அவர்களுக்கும் வேலை முடியாது.

முதலில் கொதிநீரை எடுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் ஏறுகையில் நீரின் கொதிநிலை ஒரு பாகை செல்சியஸ் குறைகிறது. ஹற்றன் 1,270 மீற்றர் அளவில் இருப்பதால் உங்கள் கேத்தலில் நீர் 96 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். நுவரெலியாவில் 94 அளவில். கடல் மட்டத்தை ஒட்டிய ஹம்பேர்க்கில் 100. வெப்பமானியை முதலில் உருகும் ஐஸில் வைத்து, அது பூச்சியம் காட்டுகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையும் பார்க்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் பிறகு வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. மலையில் பருப்பு வேக ஏன் நேரம் எடுக்கிறது என்பதைப் பிள்ளைகள் அன்றே வீட்டில் போய் அம்மாவுக்கு விளங்கப்படுத்துவார்கள்.

அடுத்தது நிழல். மார்ச் 20 அல்லது 21இல், பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாளில், ஒரு மீற்றர் கோலை நட்டு நண்பகல் நிழலை அளந்தால் நமக்கு 12 சென்ரிமீற்றர் அளவில் வரும். ஹம்பேர்க்கில் அதே கோலுக்கு 135 சென்ரிமீற்றர். சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம் நிழலிலிருந்து நமக்கு 7 பாகை, அவர்களுக்கு 53½ பாகை என்று கிடைக்கும். இரு இடங்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 5,190 கிலோமீற்றர். அதை 360ஆல் பெருக்கி, கோண வித்தியாசத்தால் வகுத்தால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்கு அருகில் வந்து நிற்கும். கிரேக்க அறிஞர் ஈரடோஸ்தெனிஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் கையாண்ட வழியும் இதுவே.

நம் நண்பகல் அன்று 12.14 மணியளவில் வரும், ஆகவே பாடசாலை நேரத்துக்குள் முடித்துவிடலாம். அவர்களுடைய நண்பகல் வரும்போது இங்கே மாலை ஐந்து மணி ஆகிவிடும் என்பதால், ஒரே நேரத்தில் இணையத்தில் சந்திக்க வேண்டிய தேவையே இல்லை. கோலை மட்டும் மேசனின் தூக்குநூலால் நேராக்கி, தரையை இரசமட்டத்தால் சரிபாருங்கள். நம் பாடசாலை முற்றங்கள் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சரிந்தே இருக்கும்.

பதில் (தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர், தலவாக்கலை)

சேர் சொன்னவற்றோடு மண்ணையும் சேர்க்க வேண்டுகிறேன். நிலைபேறான விவசாயத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவு நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட மாதங்களில் செடி எப்படி மஞ்சளானது, கொழுந்து எப்படிக் குறைந்தது என்பதை அவர்கள் பெற்றாரின் சம்பளத்தில் கண்டவர்கள்.

இரண்டு ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களைப் பக்கவாட்டில் வெட்டி, ஒரே மலையின் மண்ணை நிரப்புங்கள். ஒன்றை வெறுமையாக விடுங்கள்; மற்றதில் புல்லை நட்டு, வேர் பிடிக்க மூன்று வாரம் கொடுங்கள். இரண்டையும் ஒரே சரிவில் வைத்து, பூவாளியால் ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் நீர் ஊற்றி, வடிவதைக் குவளையில் பிடியுங்கள். வெறும் மண்ணிலிருந்து தேநீர் நிறத்தில் வரும். புல்லிலிருந்து பெரும்பாலும் தெளிவாக வரும். துணியில் வடித்து, மண்ணைக் காயவைத்து நிறுத்தால் ஒரு மழைக்கு எவ்வளவு மண் போகிறது என்பது கிராமில் கையில் இருக்கும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுநடுகைக்கு முன் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் விட்டுவைப்பதற்கும், சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவதற்கும் காரணம் அங்கே கண்ணெதிரே தெரியும். ஹம்பேர்க் பிள்ளைகள் தங்கள் ஊர் மண்ணில், அதே சரிவில், இதையே செய்யட்டும்.

பதில் (பல்கலைக்கழக மாணவி, மஸ்கெலியாவைச் சேர்ந்தவர்)

டீச்சர், நான் தரம் 9 படித்தபோது இதுபோன்ற ஒரு திட்டத்தில் இருந்தேன். அங்கிருந்து வந்த கேள்விகளெல்லாம் எங்கள் லயத்தைப் பற்றியே இருந்தன: எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. நாங்கள் அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. அந்த வெட்கம் நெடுநாள் இருந்தது. ஆகவே முதல் கடிதத்திலேயே உங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். அவர்கள் வீட்டை எதை எரித்துச் சூடாக்குகிறார்கள், குப்பையை எத்தனை வகையாகப் பிரிக்கிறார்கள், குடிக்கும் தேயிலை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பொதியைப் பார்த்து எழுதச் சொல்லலாம். பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். ஆங்கிலத்தில் மாற்றும் வேலையை வகுப்பாகச் சேர்ந்து செய்யுங்கள். முகம் தெரியும் படங்களைப் பெற்றாரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொதிநீரில் தொடங்கி, மார்ச்சில் நிழலை அளந்து, மே மாத மழைக்கு முன் மண் போத்தல்களைத் தயார்செய்யத் தீர்மானித்துள்ளேன். சேர், இன்னுமொரு வேண்டுகோள். தென்மேல் பருவத்தில் எங்கள் பக்கம் மழை கொட்டும்போது உங்கள் பக்கம் கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும் அல்லவா? உங்களுக்குத் தெரிந்த பண்டாரவளைப் பாடசாலை ஒன்று போத்தல் மழைமானி வைத்து நாளாந்தம் அளந்து தந்தால், ஹம்பேர்க்குக்கு அனுப்பும் அட்டவணையில் அதற்கும் ஒரு நிரல் ஒதுக்கிவைக்கிறேன்.