செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், பெங்களூர்: வாங்கினவங்க அனுபவம் சொல்லுங்க

அல்சூர் ஆளு:
ரேஞ்ச், டயர் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்க. எச்எஸ்ஆர் லேஅவுட்ல ஒரு பையன்கிட்ட எடுத்தேன், 2021 மாடல். ஒரு ராத்திரி மச்சானைக் கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல ஏத்திவிட்டுட்டு சிவாஜி நகர்ல டீக்கு நின்னேன். போன் அடிக்குது. பழைய ஓனர். "அண்ணா, வண்டி சிவாஜி நகர்ல நிக்குதுன்னு ஆப்ல காட்டுது. நீங்கதானே? எவனாச்சும் தூக்கிட்டானோன்னு பயந்துட்டேன்." அக்கறையாத்தான் கேட்டான், பாவம். எனக்குத்தான் டீ இறங்கலை. ஆர்சி என் பேர்ல, சாவி என் பாக்கெட்ல, நான் எங்க போறேன் வர்றேங்கிறது மட்டும் அவன் போன்ல. கணக்கை மாத்தச் சொல்லி அவனும் எழுதிப் போட்டுட்டான், கம்பெனிக்காரங்க "பிராசஸ்ல இருக்கு"ங்கிறாங்க. இன்னைக்கும் காலையில ஆன் பண்ணினா அவன் பேரைப் போட்டுத்தான் குட் மார்னிங் சொல்லுது. என் வீட்டம்மா அதைப் பார்த்துட்டு, "ஏங்க, யார் வண்டியை எடுத்துட்டு வந்தீங்க?"ங்கிறா.

ஹெப்பால் காரன்:
ஆப் எல்லாம் சின்ன விஷயம் அண்ணே. மேம்பாலம் ஏறிப் பாருங்க. பின்னாடி அம்மா, கால்கிட்ட அரிசி மூட்டை. மீட்டர்ல 30 சதவீதம் இருக்கு. ஹெப்பால் மேம்பாலத்துல பாதி ஏறினதும் வண்டி சோர்ந்து போச்சு. முறுக்க முறுக்க 20ஐத் தாண்டலை. பின்னாடி பிஎம்டிசி பஸ்காரன் ஹாரன்ல கையை வச்சவன் எடுக்கவே இல்லை. அம்மா காதுகிட்ட குனிஞ்சு, "நான் இறங்கிக்கிறேன்டா, நீ மேல போய் நில்லு"ங்குது. மேம்பாலத்துல! இறக்கத்துல பார்த்தா வண்டி ஒண்ணுமே நடக்காத மாதிரி பறக்குது. எனக்கு இன்னும் அந்தக் குரல்தான் காதுல.

பனசங்கரி சீனியர்:
இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அல்சூர் நண்பரே, பணம் கைமாறும் முன்பே, விற்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஆப் கணக்கை மாற்ற வேண்டும். ஆர்டிஓவில் பெயர் மாற்ற படிவம் 29, 30 வேண்டும். கடனில் எடுத்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35ம் வங்கிக் கடிதமும் வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28. பேட்டரி வாரண்டி இரண்டாவது ஓனருக்கு வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஹெப்பால் நண்பரே, வயதான பேட்டரியில் உள் மின்தடை கூடியிருக்கும். ஏற்றத்தில் கரண்ட் அதிகம் இழுத்தால் வோல்டேஜ் தொங்கிவிடும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தானாகவே வேகத்தைக் குறைக்கும். சதவீதத்தை நம்பாதீர்கள், சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட் கேளுங்கள். இன்னொன்று, முழுசாக சார்ஜ் ஏற்றிய வண்டியில் ரீஜென் பிரேக் (வேகம் குறையும்போது மின்சாரத்தை பேட்டரிக்கே திருப்பி அனுப்பும் பிரேக்) சரியாகப் பிடிக்காது, ஏனென்றால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடமில்லை. காலையில் முதல் இறக்கத்தில் கவனம். விலை பேசும்போது 2023 ஜூன் 1 நினைவிருக்கட்டும். மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசு தந்த ஃபேம்-2 மானியம் அன்றுதான் பேட்டரி அளவில் ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. அதற்கு முன் கூடுதல் மானியத்தில் வாங்கியவர், விற்கும்போது இன்றைய ஷோரூம் விலையைக் காட்டிப் பேரம் பேசினால் மசியாதீர்கள். என் வண்டியில் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

விவேக் நகர்:
சீனியர் சார், அவங்க கதை சொன்னாங்க, யாரும் வழி கேக்கலையே. சரி, என் கதை. அப்பா பக்கத்து மார்க்கெட் போயிட்டு வரட்டும்னு நம்பர் பிளேட் வேண்டாத சின்ன வண்டி ஒண்ணு பழசா வாங்கினேன். மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ள இருந்தா ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்ல. அதை ஓட்டிக்கிட்டு ஆஸ்டின் டவுன் பக்கம் போறேன், டிராபிக் போலீஸ் நிறுத்திட்டார். கன்னடத்துல ரூல் எல்லாம் ஒப்பிச்சேன். பொறுமையாக் கேட்டார். அப்புறம் ஒண்ணும் பேசாம வண்டியை சென்டர் ஸ்டாண்ட்ல ஏத்தி ஒரு முறுக்கு முறுக்கினார். மீட்டர்ல 42. என்னைப் பார்த்துச் சிரிச்சார் பாருங்க, அதுக்கு அபராதமே போட்டிருக்கலாம். வித்தவன் வேகத்தைக் கட்டுப்படுத்துற லிமிட்டரை வெட்டிவிட்டு "நல்லா இழுக்கும் சார்"னு சொல்லிக் கொடுத்திருக்கான்.

பனசங்கரி சீனியர்:
ஸ்டாண்டில் சுமையே இல்லாமல் சக்கரம் கூடத்தான் சுற்றும். அதை வைத்து லிமிட்டரை வெட்டியதாக எப்படிச் சொல்கிறீர்கள்?

விவேக் நகர்:
ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) பார்த்துக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலர்னா காத்துல சுத்தினாலும் 25க்கு மேல போகாது சார். ரோட்லயும் 38 போச்சு, நானே ஓட்டிப் பார்த்தேன். வெட்டின ஒயர் இன்னும் சீட்டுக்கு அடியில டேப் சுத்திக் கிடக்கு. போட்டோ போடவா?

ஹெப்பால் காரன்:
போடுங்க. சீனியர் சார், ரிப்போர்ட் கேட்டேன், பேட்டரி "நார்மல்"னு ஒரே வார்த்தைல எழுதிக் குடுத்துட்டாங்க. அம்மா இப்ப பஸ்லதான் போகுது.