உச்சிப்புளியில் காளான் அறை: ஏசியா, கூலரா?

உச்சிப்புளி புதியவள்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 10க்கு 20 அடியில் ஹாலோ பிளாக் அறை, மேலே சிமெண்ட் ஷீட். கார்த்திகையில் சிப்பிக் காளான் ஆரம்பித்தேன். மாசி வரை கொத்துக் கொத்தாக வந்தது. பங்குனியில் மொட்டு வைப்பது நின்றுபோய், பாதிப் படுக்கையில் (வைக்கோல் அடைத்த காளான் பை) பச்சைப் பூஞ்சணம். மதியம் அறைக்குள் 34 டிகிரி. கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. ஒன்றரை டன் ஏசி வாங்குவதா, பெரிய கூலரா? கடையில் கேட்டால் இரண்டுமே நல்லது என்கிறார்கள்!

பரமக்குடி பண்ணை:
கூலர் போதும் தங்கச்சி. காளானுக்குக் குளிர்ச்சியும் வேண்டும், ஈரமும் வேண்டும்; கூலர் இரண்டையும் தரும். ஏசி காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே விடும். நீங்கள் ஒரு பக்கம் தெளிக்க, அது இன்னொரு பக்கம் உறிஞ்சும். கரண்ட் பில் தனி. என் கொட்டகையில் சித்திரையிலும் மதியம் 28, 29 தான்.

கீழக்கரை மெக்கானிக்:
பரமக்குடியில் சரி அண்ணே. கடலோரத்தில் கதை வேறு. கூலர் என்பது மண்பானை மாதிரி. தண்ணீர் ஆவியானால்தான் குளிரும், காற்று காய்ந்திருந்தால்தான் ஆவியாகும். உங்கள் ஊரில் 38 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு என்றால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 26க்குப் பக்கத்தில் நிற்கும். உச்சிப்புளியில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் 29க்குக் கீழே இறங்காது. கூலரில் தண்ணீர் நனைகிற பேடு அந்த அளவைக்கூட முழுதாகத் தொடாது, 30 என்று வையுங்கள். சிப்பிக்கு வேண்டியது 23 முதல் 28. வெயில் உங்கள் ஊரில்தான் அதிகம், ஆனால் கூலர் ஜெயிப்பதும் அங்கேதான்.

பரமக்குடி பண்ணை:
கச்சான், அதாவது மேல்காற்று, அடிக்கும்போது உச்சிப்புளியிலும் காற்று காய்ந்துதானே இருக்கும்? ஆனி, ஆடியில் உதடு வெடிக்கும் பாய். அந்த இரண்டு மாதம் கூலர் ஓடாதா?

மண்டபம் பால்காளான்:
உதடு வெடிப்பது உங்கள் பக்கம். எங்களுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் கொஞ்சம் மணல். எந்தக் காற்றானாலும் கடலைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. நான் கூலரே வாங்கிப் பார்த்தவன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. மூன்றே மாதத்தில் தேன்கூட்டு பேடு முழுக்க வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, காற்றே வரவில்லை. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இப்போது அந்தக் கூலர் உடம்புக்குள் கோழி அடைகாக்கிறது.

கீழக்கரை மெக்கானிக்:
அதற்காக ஏசியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொல்லவில்லை. அக்கா, சிமெண்ட் ஷீட்டை வைத்துக்கொண்டு ஏசி போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. முதலில் ஷீட்டுக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு, அதற்கு மேல் பனை ஓலை, உள்ளே தெர்மாகோல் சீலிங். அதற்கே ஐந்தாறு டிகிரி குறையலாம்.

அப்புறம், ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடும், புதுக்காற்று வராது. காளான் நம்மைப் போல கரியமில வாயுவை விடுகிறது. அது தேங்கினால் சிப்பியின் தண்டு நீண்டு, குடை சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிடும். அதனால் சின்ன எக்ஸாஸ்ட் விசிறி கட்டாயம். புதுக்காற்றோடு வெக்கையும் உள்ளே வரும், ஏசி அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். சிப்பி விடும் வித்துத்தூள் ஃபில்டரில் மாவு மாதிரி அப்பும். வாரம் ஒருமுறை கழுவுங்கள். உள்ளே போகும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

இன்னொன்று, வெளி யூனிட்டைக் கடல் பார்த்து வைக்காதீர்கள். வேதாளை பக்கம் ஒரு வீட்டில் நான் கழற்றிய யூனிட் இரண்டு வருடம்கூட ஆகாதது. அலுமினியத் தகடு பிரஷ் பட்டதும் சாம்பலாக உதிர்ந்தது.

மண்டபம் பால்காளான்:
பாய் சொல்வதையெல்லாம் செய்தால் 45,000 எந்த மூலைக்கு? நான் கேட்பது ஒன்றுதான். வெயிலோடு ஏன் சண்டை போட வேண்டும்? பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரிதான் பிடிக்கும். நமக்கு ஆகாத வெக்கையில்தான் அது நன்றாக விளையும். வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் விட்ட ஏ.பி.கே. 2 ரகம் பக்கத்து அருப்புக்கோட்டையிலிருந்து வந்தது. பங்குனி முதல் புரட்டாசி வரை பால், மழை தொடங்கியதும் சிப்பி. குளிரூட்டி என்று நான் வைத்திருப்பது தரையில் நாலு விரல் மணலும் ஒரு பூவாளியும்.

உச்சிப்புளி புதியவள்:
அண்ணே, பால் காளானுக்குத் தரைக்குக் கீழே தோண்டி நீலத் தார்ப்பாய் போட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்களே? எங்கள் இடத்தில் மூன்றடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது. ராமநாதபுரத்தில் என்னிடம் வாங்குகிற ஹோட்டலும் சிப்பிதான் கேட்கிறது.

மண்டபம் பால்காளான்:
தோண்ட வேண்டாம். நான் மேல்மட்டத்திலேயே செய்கிறேன், வெளிச்சம் மட்டும் நன்றாக வர வேண்டும். இருட்டறையில் விட்டால் வராது. வித்து பரவியதும் மேல்மண் போடுகிற வேலை கூடுதல், அதை மறைக்கவில்லை. ஆனால் பறித்த பிறகு இரண்டு மூன்று நாள் வாடாமல் நிற்கும். சிப்பியைச் சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் மாட்டுக்குத்தான். ஹோட்டலுக்கு ஒரு கிலோ சும்மா கொடுத்துப் பாருங்கள்.

பரமக்குடி பண்ணை:
எல்லோரும் கணக்கிலேயே பேசுகிறீர்கள். தங்கச்சி, இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் நனைத்த வேட்டித் துணியைச் சுற்றி, விசிறிக்கு முன்னால் கால் மணி நேரம் வையுங்கள். ஈரத்துணி 26 காட்டினால் நான் சொன்னதுதான்.

உச்சிப்புளி புதியவள்:
நேற்று மதியம் இரண்டு மணிக்குச் செய்தேன். காய்ந்தது 34, ஈரத்துணி 29. இன்று காலை பதினொன்றுக்கு 32, 28.

பரமக்குடி பண்ணை:
சரி, உச்சிப்புளிக்குக் கூலர் வேண்டாம். ஏசியும் வேண்டாம் என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கீழக்கரை மெக்கானிக்:
அண்ணனுக்கு ஏசி மேல் என்ன கோபமோ. அக்கா, கூரை வேலையை முடித்துவிட்டு அறையைக் குறுக்கே தடுத்து, 10க்கு 10ஐ மட்டும் சிப்பிக்கு வைத்தால் ஒரு டன் போதும். அறை சின்னது என்பதால் ஈரத்துக்குத் தரை மணலையே நனைத்துக்கொள்ளலாம்.

உச்சிப்புளி புதியவள்:
ஓலை 200 மட்டை சொல்லியாயிற்று, வியாழன் வேய்கிறார்கள். பால் காளான் வித்து பத்துப் பாக்கெட் வாங்குகிறேன், மண்டபம் அண்ணன் மேல்மண் போடக் கற்றுத் தர வேண்டும். ஏசியை ஹோட்டல்காரர் பதில் சொன்ன பிறகு பார்க்கிறேன். பச்சை பிடித்த படுக்கைகளைத் தென்னந்தோப்பில் தள்ளிப் புதைத்துவிட்டேன். அறையைக் கழுவ பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்?