கல்கத்தா கால்பந்து லீக்கைப் பத்திப் பெருமை பேச என்ன இருக்கு?

வடசென்னை_விங்கர்:

நேத்து நம்ம குழுவுல ஒருத்தர் மழையில ஊறின மைதானம் ஒண்ணோட பழைய படத்தைப் போட்டு, "கல்கத்தா லீக், 1898. ஆசியாவிலேயே பழமையான லீக். தலை வணங்குவோம்"னு எழுதியிருந்தார். கீழே வரிசையா கும்பிடு பொம்மை. எனக்குக் கை எழும்பலை. அங்கேயே சண்டை போட்டா அவருக்குச் சங்கடம்னு தனி இழை தொடங்கிட்டேன்.

1898-ல கோப்பையைத் தூக்கினது யாரு? குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட். வெள்ளைக்காரப் பட்டாளம். 1911-ல மோகன் பகான்ங்கற இந்திய கிளப், பத்துப் பேர் வெறுங்காலோட ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1னு சாய்ச்சு ஐ.எஃப்.ஏ. ஷீல்டுங்கற கோப்பையை வாங்குச்சு. அப்பவும் இந்த லீக்குக்குள்ள அவங்களுக்கு இடம் கிடையாது. 1914-லதான் கதவைத் திறந்தாங்க, அதுவும் ரெண்டாம் டிவிஷனுக்கு. முதல் டிவிஷன்ல இந்திய அணி ரெண்டுக்கு மேல கூடாதுன்னு ஒரு வரம்பு வேற. 1925-ல மேல வர்றதுக்கு ஈஸ்ட் பெங்கால் அதோட மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. ஓர் இந்திய அணி லீக்கை ஜெயிச்சது 1934-ல. முதல் 36 வருஷப் பழமை யாரோட பழமை?

சரி, அதுக்கப்புறமாவது? மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். இந்த மூணு பேரைத் தவிர ஜெயிச்சவங்க ரெண்டே ரெண்டு: 1958-ல ஈஸ்டர்ன் ரயில்வே, 2019-ல பியர்லெஸ். நடுவுல 61 வருஷம். இதுக்குப் பேரு லீக்கா, மூணு வீட்டுப் பங்காளிச் சண்டையா?

மைதான்_மணி:

தம்பி, நான் 1973-லிருந்து 2000 வரைக்கும் கல்கத்தாவில் வேலை பார்த்தவன். இப்போது கும்பகோணத்தில் ஓய்வு. நீங்கள் சொன்ன வருடங்கள் எல்லாம் சரி. அவற்றை நீங்கள் வாசிக்கிற விதம்தான் சரியில்லை.

1934-ஐ அவமானக் கணக்கில் எழுதுகிறீர்கள். அந்த வருடம் என்ன நடந்தது என்று பாருங்கள். முந்தைய மூன்று வருடமும் டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற வெள்ளைக்காரப் பட்டாளம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. முகமதன் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்த அணி. வந்த வருடமே சாம்பியன். பிறகு 1938 வரை ஐந்து வருடம் யாரிடமும் கொடுக்கவில்லை. மழை நாளில் வெறுங்கால் வழுக்கும் என்று பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். வெள்ளைக்காரன் தனக்காகப் போட்ட லீக் அது. அவன் மைதானத்தில், அவன் வைத்த விதியில் அவனைத் தோற்கடித்தார்கள். கதவு சாத்தியிருந்தது என்பதற்காக, உடைத்து உள்ளே போனவனையும் திட்டுவீர்களா?

மூன்று கிளப் விஷயம். மே மாத வெயிலில் தொடங்கி மழைக்காலம் முழுக்க ஓடிய லீக் அது. ஆட்டம் நடக்கும் மைதான் என்ற பெரிய திடலின் நிலம் ராணுவத்துடையது. நிரந்தரமாகக் கட்டிடம் எழுப்ப முடியாது, அதனால் மரப்பலகை கேலரிதான். டிக்கெட் கிடைக்காதவன் வில்லியம் கோட்டையின் மண் மேட்டில் ஏறி நிற்பான். அட்டைப் பெட்டியில் கண்ணாடித் துண்டு வைத்துச் செய்த பெரிஸ்கோப்பை வாடகைக்கு விடுவார்கள். தலைக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னாலிருந்தே ஆட்டம் பார்ப்பான். நம் ஊரில் லீக் ஆட்டத்துக்கு யாராவது பெரிஸ்கோப் வாடகைக்கு எடுத்ததுண்டா?

வடசென்னை_விங்கர்:

கூட்டம் வந்துச்சுங்கறதை நான் மறுக்கலையே ஐயா. ஜல்லிக்கட்டுக்கும் கூட்டம் வருது. மாடு வளருதாங்கறதுதான் கேள்வி.

கணக்குப்பிள்ளை:

விங்கர் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. மூன்று கிளப் ஆதிக்கம் எல்லா ஊரிலும் உண்டு. கல்கத்தாவின் உண்மையான நோய் "அமெச்சூர்" என்கிற சொல்.

அந்தக் காலத்தில் தாளில் எல்லா ஆட்டக்காரரும் அமெச்சூர். ஆடுவதற்குக் கூலி கிடையாது, விளையாட்டு மீதுள்ள ஆசையால் ஆடுகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் ஒவ்வொரு வருடமும் டிரான்ஸ்ஃபர் காலம் வந்தால் ஊரே திருவிழா. ஆட்டக்காரர் நேரில் ஐ.எஃப்.ஏ. ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்கு முன் எதிர்க் கிளப் தூக்கிவிடக் கூடாதென்று ஆளை எங்காவது ஒளித்து வைப்பார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணைக் காவல் காப்பது போல. 1985-ல் கிருஷானு தே, பிகாஷ் பாஞ்சி இரண்டு பேரும் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறியதை வங்காளிகள் இன்னும் பேசுகிறார்கள். ஆசைக்காக ஆடுகிறவனை யாராவது ஒளித்து வைப்பார்களா? பணம் புழங்கியது, கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

கணக்கில் இல்லாததால் நட்டம் யாருக்கு? கிளப் செயலாளருக்கு இல்லை. பேசிய தொகையில் பாதி வராவிட்டால் ஆட்டக்காரன் எங்கே போய்க் கேட்பான்? அவன்தான் அமெச்சூர் ஆயிற்றே!

(சின்னச் செய்தி: லீக்கை நடத்தும் ஐ.எஃப்.ஏ.வின் முழுப்பெயர் இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன். 1893-ல் வைத்த பெயர். ஆள்வது வங்காளத்தை மட்டும். பெயரிலேயே அந்த ஊர்க்காரர்களின் நினைப்பு தெரியும்.)

விளையாட்டின் தரத்தையும் இந்த லீக் கெடுத்தது. சேற்றில் வெறுங்கால் ஆட்டம் அழகாக இருக்கும். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஆட்டம் 70 நிமிடம் என்பதும் ரொம்பக் காலம் நீடித்தது. வெளிநாடு போனால் கடைசி 20 நிமிடம் நம்மவர்களுக்கு மூச்சு வாங்கும்.

மைதான்_மணி:

கணக்குப்பிள்ளை, பத்து வருடம் தள்ளி 1962-க்கும் வாருங்கள். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, இறுதி ஆட்டம், தென்கொரியாவை 2-1. கோல் போட்டவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும். பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வே, ஜர்னைல் மோகன் பகான். கேப்டன் சுனி கோஸ்வாமி மோகன் பகான். பலராம் ஈஸ்ட் பெங்கால். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் அந்த ஊரின் மூன்று பெரிய கிளப்புக்கும் கோல் காத்தவர். நீங்கள் நோய் என்கிற லீக்கிலிருந்து போனவர்கள் வாங்கிய தங்கம் அது.

கணக்குப்பிள்ளை:

அந்தப் பட்டியலை நீங்களே போட்டது நல்லதாகப் போயிற்று ஐயா. ஒவ்வொருவரும் எங்கே உருவானார் என்று பாருங்கள். தங்கராஜ் செகந்திராபாத் பையன். பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடியவர். நம் நீலகிரி வெலிங்டன் அணி! 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பை வாங்கிய அணி. பலராமும் செகந்திராபாத். ஜர்னைல் பஞ்சாப். பயிற்சியாளர் ரஹீம் ஐதராபாத், கல்கத்தாவுக்குச் சம்பந்தமே இல்லை. அதற்கு முன்னால் ஈஸ்ட் பெங்காலின் "பஞ்ச பாண்டவர்": அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். 1949, 1950, 1952 லீக்கை வாங்கித் தந்த முன்கள வரிசை. ஐவரும் தென்னாட்டுக்காரர்கள்.

நாற்றங்கால் வேறு, நெல் மண்டி வேறு. கல்கத்தா மண்டி. நாற்றுவிட்டவன் பெயர் வெளியே வரவில்லை, மண்டிக்காரன் பெயர் பலகையில் இருக்கிறது.

மைதான்_மணி:

மண்டியே இல்லாத ஊரில் யார் நெல் போடுவான்? சாலே கேரளத்திலிருந்து ரயிலேறிக் கல்கத்தா வந்தாரே, எதற்கு? அவர் ஊரில் பந்துக்கு விலை இல்லை.

"விலை" என்றால் செயலாளர் கையில் திணிக்கிற நோட்டை மட்டும் சொல்லவில்லை. வேலை. ரயில்வே, துறைமுகம், பி.என்.ஆர். (பெங்கால் நாக்பூர் ரயில்வே), வங்கிகள். ஓர் ஆட்டக்காரனுக்கு 22 வயதில் ஆபீசில் நாற்காலி போடுவார்கள். காலையில் பயிற்சி, மத்தியானம் கையெழுத்து, சாயங்காலம் மேட்ச். 33 வயதில் முழங்கால் போனால் அதே நாற்காலியில் உட்கார்ந்து 58 வரை சம்பளம், பிறகு பென்ஷன். எங்கள் பக்கத்து செக்‌ஷனிலேயே அப்படி ஒருவர் இருந்தார். ஃபைல் பார்க்கத் தெரியாது. அவர் மேசையைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் டீ குடிப்பார்கள். அமெச்சூர் என்ற பொய்யினால் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. அந்தப் பொய்யை நான் மன்னித்துவிட்டேன்.

நெய்வேலி_கோலி:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். 1980 ஈடன் கார்டன்ஸ் பத்தி யாரும் பேசலையே? அதுவும் இந்த லீக் மேட்ச்தானே?

மைதான்_மணி:

ஆமாம். ஆகஸ்ட் 16. ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான். கேலரியில் அடிதடி, நெரிசல். 16 பேர் செத்துப்போனார்கள். நான் போகவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை. கீழ் வீட்டுப் பையன் போயிருந்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தான். அவன் அம்மா அடித்த அடி தெருமுனை வரை கேட்டது. அடித்துவிட்டு அழுதாள். அந்தத் தேதியில் இன்றைக்கும் ரத்ததான முகாம் நடத்துகிறார்கள்.

அதற்கு என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

வடசென்னை_விங்கர்:

அந்தப் பதிவுக்குக் கீழே சண்டை போட மனசு வரலை. ஒரு நாள் விட்டு எழுதறேன்.

மணி ஐயா சொன்ன நாற்காலியைப் பத்தி யோசிச்சேன். எங்க மாமா இங்க சென்னை லீக்ல ஆடினவர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு ஆபீஸ்ல வேலை. பேரு வேண்டாம். 29 வயசுல முட்டி போச்சு. வேலை போகலை. அந்தச் சம்பளத்துலதான் அத்தை ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்சாங்க. நான் ஆடினது 2011-லிருந்து ஆறு சீசன். எனக்குக் கிடைச்சது மேட்சுக்கு ஒரு கவர். சில நாள் கவர்ல இருக்கும், சில நாள் "அடுத்த வாரம்டா". இப்ப பைக்ல சாப்பாடு டெலிவரி.

அதனால நாற்காலி விஷயத்துல ஐயா பக்கம் வர்றேன். ஆனா அதுக்கான பெருமை லீக்குக்கு எப்படிப் போகும்? ரயில்வேக்கும் வங்கிக்கும்தானே போகணும்? அவங்க ஆள் எடுக்கறதை நிறுத்தினதும் லீக்கால ஒருத்தனுக்காவது சோறு போட முடிஞ்சுதா?

கணக்குப்பிள்ளை:

அங்கேதான் நானும் வருகிறேன். 1996-ல் நேஷனல் லீக் தொடங்கியபோது கல்கத்தா தன்னை மாற்றிக்கொண்டிருக்கலாம். வட்டார லீக் என்றால் இளைஞர்களை வளர்க்கும் இடம் என்று அப்போதே முடிவு செய்திருக்க வேண்டும். பழைய பவுசை விட மனமில்லை. 2010 முதல் 2017 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து எட்டு முறை சாம்பியன். எட்டு! அதே காலத்தில் அவர்கள் தேசிய லீக்கை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. இப்போது பெரிய கிளப்புகள் லீக்குக்கு ரிசர்வ் பையன்களை அனுப்புகின்றன.

மைதான்_மணி:

ரிசர்வ் பையன்களை அனுப்புவது குற்றமா? இளைஞர்களை வளர்க்கும் இடம் வேண்டும் என்று நீங்கள் கேட்டதே அதுதானே! 2019-ல் பியர்லெஸ் ஜெயித்தது. 2021-ல் முகமதன் நாற்பது வருடம் கழித்துத் திரும்ப வாங்கியது, தொடர்ந்து மூன்று முறை. விங்கர் தம்பி சொன்ன பங்காளிச் சண்டை இப்போதுதான் கொஞ்சம் கலைகிறது. கூட்டம்தான் இல்லை. பெரிஸ்கோப் விற்றவனின் பேரன் வேறு ஏதோ வியாபாரம் பார்ப்பான்.

சோறு விஷயத்தில் தம்பி கேட்டதற்கு: ஆபீஸ்காரன் நாற்காலி போட்டது எதற்காக என்று யோசித்தீர்களா? தர்மத்துக்கு இல்லை. சனிக்கிழமை மைதானில் தன் ஆபீஸ் பெயர் தோற்கக் கூடாது என்று. அந்த வெறியைக் கொடுத்தது லீக். நம் ராமன் விஜயன் 1997-98 நேஷனல் லீக்கில் அதிகக் கோல் போட்டபோது, எங்கள் ஆபீசில் தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு ரசகுல்லா வாங்கிக் கொடுத்தார்கள். நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

வடசென்னை_விங்கர்:

வெறி லீக்கோடது, காசு ஆபீஸோடது, பழி ஆட்டக்காரனோடது. இப்படி வேணா எழுதிக்கலாம். 1898 படத்துக்கு இன்னும் லைக் போடலை. 1934 படம் யாராவது வெச்சிருந்தா போடுங்க, அதுக்குப் போடறேன்.

நெய்வேலி_கோலி:

மணி ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயிச்சா இறால்னு சொல்வாங்களே. 27 வருஷத்துல நீங்க எந்தப் பக்கம்?

மைதான்_மணி:

நான் சைவம் தம்பி. ரெண்டு பக்கமும் கடைசிவரை என்னை நம்பவில்லை.